வாக்கிங் போயிட்டு வரேன்னு கிளம்பிய பாட்டி

முதலில் ஒரு சின்ன கணக்கு. தூரம் சுமார் 3,300 கிலோமீட்டர். அத்தனையும் மலைப்பாதை. மே மாதத் தொடக்கத்தில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசி வரை, அதாவது ஒரு கோடை முழுக்க நடக்கணும். துணைக்கு யாரும் கிடையாது. என்னென்ன எடுத்துட்டுப் போவீங்க?

ஆன்லைனில் தேடினால் நீளமான ஒரு லிஸ்ட் கிடைக்கும். எடை குறைந்த டென்ட், ஸ்லீப்பிங் பேக், வாட்டர் ஃபில்டர், ஜிபிஎஸ் வாட்ச், கணுக்காலை இறுக்கிப் பிடிக்கிற ஷூ. எல்லாத்தையும் வாங்கி முடிக்கிறதுக்குள்ள ஒரு செமஸ்டர் ஃபீஸ் காலியாகிடும்.

1955-ல் இந்த நடையை நடந்த ஒருவரின் பையைத் திறந்து பார்ப்போம். பையே கடையில் வாங்கியது இல்லை. டெனிம் துணியில் வீட்டில் தைத்த ஒரு சுருக்குப்பை, ஒரு தோளில் போட்டுக்கொள்வது. உள்ளே ஒரு ராணுவக் கம்பளி, ஒரு ரெயின்கோட், மழைக்குக் கூரையாகவும் தரைக்குப் பாயாகவும் ஒரு பிளாஸ்டிக் ஷவர் கர்ட்டன். ஒரு சின்ன கத்தி, டார்ச், பேண்ட்-எய்ட், அயோடின், சில ஊக்குகள், ஒரு டப்பா விக்ஸ். (விக்ஸ் எல்லா ஊர்ப் பாட்டிகளுக்கும் பொது போல!) வழியில் யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் மரியாதையாகப் போட்டுக்கொள்ள, சுருட்டினால் பந்து மாதிரி ஆகிவிடும் கட்டம்போட்ட ஒரு கவுன். டென்ட் இல்லை. ஸ்லீப்பிங் பேக் இல்லை. மேப் கூட இல்லை. மொத்த எடை ஒன்பது கிலோவைத் தாண்டாது. காலில் கெட்ஸ் கம்பெனியின் கேன்வாஸ் ஷூ, நாம ஸ்கூல் பி.டி. பீரியடுக்குப் போட்டுட்டுப் போனோமே, கிட்டத்தட்ட அது.

நடந்தவருக்கு வயது 67. பதினோரு பிள்ளைகள் பெற்றவர். 23 பேரப்பிள்ளைகள். பெயர் எம்மா கேட்வுட். அமெரிக்கா அவரைக் கிராண்ட்மா கேட்வுட் என்றே அழைத்தது. நாமும் எம்மா பாட்டி என்றே வைத்துக்கொள்வோம்.

பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிடறேன். அமெரிக்காவின் கிழக்கு ஓரமாகத் தெற்கிலிருந்து வடகிழக்காக நீளும் மலைத்தொடர் அப்பலாச்சியன். அதன் முதுகின் மேலேயே ஒரு நடைபாதை போட வேண்டும் என்ற யோசனையை 1921-ல் எழுதியவர் பென்டன் மக்கே. 1937-ல் பாதை முழுமையானது. தெற்கே ஜார்ஜியாவில் தொடங்கி 14 மாநிலங்கள் வழியாக வடக்கே மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலை உச்சியில் முடியும். மரங்களில் இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்தில் வெள்ளைப் பெயின்ட் பட்டை அடித்திருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே போகணும், அவ்வளவுதான் வழிகாட்டி. முழுப் பாதையையும் ஒரே மூச்சில் நடந்ததாக அறிவித்த முதல் ஆள், 1948-ல் ஏர்ல் ஷாஃபர். 1952-ல் மில்ட்ரெட் நார்மன் என்ற பெண்மணி முழுப் பாதையையும் ஒரே பருவத்தில் முடித்தார், ஆனால் கூட ஒரு நண்பர் இருந்தார். தன்னந்தனியாக ஒரு பெண் அதை முடித்தது எம்மா பாட்டியில்தான் ஆரம்பிக்கிறது.

அவர் 1887 அக்டோபரில் ஒஹையோ மாநிலத்தின் கேலியா கவுன்ட்டியில் பிறந்தார். ஏழை விவசாயக் குடும்பம், பதினைந்து பிள்ளைகள், ஒரே கட்டிலில் நான்கு பேர் படுப்பார்கள். அப்பா உள்நாட்டுப் போரில் ஒரு காலை இழந்தவர், பிறகு குடிக்கும் சூதுக்கும் போனவர். எம்மா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார். ஆனால் படிப்பது நிற்கவில்லை. கலைக்களஞ்சியம், கிரேக்க இலக்கியம் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் படித்தார். கவிதையும் எழுதினார். காட்டுச்செடிகளில் எதைச் சாப்பிடலாம், எது மருந்து என்பது அவருக்கு அத்துப்படி. இந்த விஷயம் பின்னால் சோறு போட்டது.

இதுவரைக்கும் உள்ளதைத்தான் அன்றைய பத்திரிகைகளும் எழுதின. கேன்வாஸ் ஷூ போட்ட பாட்டி, பதினோரு பிள்ளைகள், சிரித்த முகம். படிக்க ஜாலியாக இருக்கும். இணையத்தில் இன்றைக்கும் சுற்றுகிற ஃபார்வேர்டுகளில் பாதி இதோடு முடிந்துவிடும். ஆனால் பத்திரிகைக்காரர்கள் கணவரைப் பற்றிக் கேட்டபோது, தான் ஒரு விதவை என்று பாட்டி சொல்லிவிட்டார். அவர் விதவை இல்லை. அந்த மனிதர் 1968 வரை உயிரோடுதான் இருந்தார்.

1907 மே மாதம், தன் 19-வது வயதில், பெரி கேட்வுட் என்பவரை எம்மா மணந்தார். அவர் பள்ளி ஆசிரியர், பிறகு புகையிலை விவசாயி. ஊரில் மரியாதையான ஆள். கல்யாணமான கொஞ்ச மாதங்களிலேயே அடி ஆரம்பித்தது. வீட்டு வேலை, பண்ணை வேலை, வேலி போடுவது, சிமென்ட் கலப்பது, அத்தனையும் எம்மாதான் செய்தார். அதற்கு மேல் அடியும் வாங்கினார். முப்பது வருஷத்துக்கு மேல். எத்தனையோ தடவை சாகும் அளவுக்கு அடித்திருக்கிறார் என்று பின்னாளில் அவரே எழுதி வைத்தார். உன்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவேன் என்று மிரட்டுவது அந்த ஆளின் இன்னொரு ஆயுதம். அந்தக் காலத்தில் அது வெறும் மிரட்டல் இல்லை, ஒரு கணவன் நினைத்தால் நடக்கக்கூடியதுதான்.

1924-ல் ஒரு சண்டையில் இன்னொரு மனிதரைக் கொன்ற வழக்கில் பெரி கேட்வுட் குற்றவாளி என்று தீர்ப்பானது. வீட்டில் ஒன்பது பிள்ளைகள், கவனிக்கப் பண்ணை இருக்கிறது என்று சொல்லி ஜெயிலுக்குப் போகாமல் தப்பித்தார். 1939-ல் இன்னொரு சண்டை. இந்த முறை எம்மாவின் பல் உடைந்தது, விலா எலும்பில் விரிசல். அவர் திருப்பி ஒரு மாவு மூட்டையைத் தூக்கி எறிந்தார். கணவர் போய்ப் போலீஸைக் கூட்டி வந்தார். கைதாகி லாக்கப்பில் இருந்தது எம்மா.

இரண்டு சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பாருங்க. ஆளைக் கொன்றவர் வீட்டில், மாவு மூட்டையை எறிந்தவர் கம்பிக்குப் பின்னால்.

மறுநாள் அந்தச் சின்ன ஊரின் மேயர் அவருடைய முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது. வெளியே எடுத்துத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். 1941-ல் எம்மாவுக்கு விவாகரத்து கிடைத்தது, வீட்டில் மிச்சமிருந்த பிள்ளைகளும் அவரிடமே வந்தார்கள். ஒஹையோ கிராமப்புறத்தில், அந்தக் காலத்தில், பதினோரு பிள்ளைகளின் தாய் ஒருத்தி விவாகரத்து வாங்கியது மலை ஏறியதைவிடச் சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதுக்கும் மலை ஏறுவதுக்கும் என்ன சம்பந்தம்? நேரடிச் சம்பந்தம் இருக்கு. வீட்டில் அடி விழும் நாட்களில் அவர் ஓடிப்போன இடம் காடு. பண்ணைக்குப் பின்னால் இருந்த மரங்களுக்கு நடுவில் தனியாகப் போய் நிற்பார். மற்றவர்களுக்குத் தனிமையும் காடும் பயம் தரும். அவருக்குப் பயம் எல்லாம் வீட்டுக்குள் இருந்தது. காடு பத்திரமான இடம். 67 வயசுப் பெண் தனியாக மலையில் படுத்துத் தூங்கினாரே, பயமே இல்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். கேள்வியே திசை மாறிப் போயிருக்கு, இல்லையா?

பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வழியில் போன பிறகு, 1950 வாக்கில், ஒரு பழைய நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் அவர் கையில் கிடைத்தது. அதில் அப்பலாச்சியன் பாதையைப் பற்றி வண்ணப் படங்களோடு ஒரு கட்டுரை. நல்ல ஆரோக்கியம் இருந்தால் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், ஒரு நாள் நடைக்கு ஒரு குடில் இருக்கும், பாதை தெளிவாக இருக்கும் என்கிற ரீதியில் எழுதியிருந்தார்கள். எந்தப் பெண்ணும் அதைத் தனியாக முழுசாக நடந்ததில்லை என்று தெரிந்ததும் அவருக்கு முடிவு பண்ண ரொம்ப நேரம் ஆகவில்லை.

1954 ஜூலையில் யாரிடமும் சொல்லாமல் வடக்கு முனைக்குப் போய், கட்டாடினிலிருந்து தெற்கு நோக்கி நடக்க ஆரம்பித்தார். அந்தப் பயணம் சில நாட்களிலேயே சொதப்பியது. மெய்ன் மாநிலத்தின் அந்தப் பகுதி, பாதையிலேயே ஆள் நடமாட்டம் குறைந்த காடு. ஒரு இடத்தில் வழி தவறினார். மூக்குக்கண்ணாடியை மிதித்து உடைத்துக்கொண்டார். சாப்பாடு தீர்ந்தது. அவரைத் தேடிப் பிடித்த வன ஊழியர்கள், இதெல்லாம் உங்களுக்கு எதற்கு, வீட்டுக்குப் போங்க என்று அனுப்பி வைத்தார்கள். அவரும் போனார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த வருஷம், 1955 மே 3-ம் தேதி, தெற்கு முனையிலிருந்து ஆரம்பித்தார். அப்போது பாதை தொடங்கிய இடம் ஜார்ஜியாவின் ஓகில்தார்ப் மலை. பிள்ளைகளிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன். எங்கே, எவ்வளவு தூரம், எத்தனை மாதம், எதுவும் சொல்லவில்லை. பொய்னு சொல்ல முடியாது. முழு உண்மைன்னும் சொல்ல முடியாது.

கோடைக் காலத்தில் அந்தப் பாதை எப்படி இருக்கும்? மலைன்னதும் ஜில்லுன்னு இருக்கும்னு நினைச்சுடாதீங்க. பாதையின் பெரும்பகுதி அடர்ந்த இலைக்காட்டுக்குள் போகிறது. நடப்பவர்கள் அதைப் பச்சைக் குகை என்பார்கள். நிழல் உண்டு, காற்று கிடையாது. ஜூன், ஜூலையில் வெயிலோடு புழுக்கமும் சேரும். தெர்மோடைனமிக்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு மறைவெப்பம் ஞாபகம் இருக்கும். ஒரு கிராம் வியர்வை ஆவியானால் கிட்டத்தட்ட 2,400 ஜூல் வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துட்டுப் போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது, சும்மா சொட்டும். சொட்டுகிற வியர்வையால் உடம்புக்குத் தண்ணீர் நஷ்டம் மட்டும்தான், குளிர்ச்சி இல்லை. அதே மாதங்களில்தான் நடுப்பகுதி மலைமுகடுகளில் ஊற்றுகள் வற்றும். ஊற்று இருக்குமா என்று தெரியாமல் கூடுதலாகத் தண்ணீர் சுமந்தால், லிட்டருக்கு ஒரு கிலோ தோளில் ஏறும். சுமை கூடினால் வியர்வை கூடும், வியர்வை கூடினால் தாகம் கூடும். இந்தச் சுழலில்தான் நல்ல திடகாத்திரமான ஆட்களே பாதியில் இறங்கிவிடுகிறார்கள்.

பாட்டியின் ஒன்பது கிலோ பை இங்கேதான் உதவியது. இன்றைக்கு அல்ட்ராலைட் என்ற பெயரில் ஒரு பெரிய கலாசாரமே இருக்கிறது. பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை உடைத்து எடை குறைப்பவர்கள் எல்லாம் உண்டு. அவர்கள் எம்மா பாட்டியைத் தங்கள் முன்னோடி என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர் எந்தக் கொள்கைக்காகவும் அப்படிச் செய்யவில்லை. கையில் காசு கம்மி, வீட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டார். பண்ணையில் முப்பது வருஷம் உழைத்தவருக்கு எது இல்லாமல் வாழ முடியும் என்பது நன்றாகவே தெரியும்.

சாப்பாடு என்றால் டின்னில் வரும் குட்டி சாசேஜ், உலர் திராட்சை, கடலை, தண்ணீரில் கரைக்கிற சூப் கட்டி. மற்றபடி காட்டில் கிடைத்த கீரையும் பழமும். குடில் கிடைத்தால் குடிலில் படுத்தார். இல்லையென்றால் உதிர்ந்த இலைகளைக் குவித்து அதன் மேல். குளிர் அடிக்கிற ராத்திரிகளில் தட்டையான கற்களை நெருப்பில் சுடவைத்து, அதன் மேல் படுத்துக்கொள்வார். பாதைக்குப் பக்கத்து வீடுகளில் கதவைத் தட்டிக் கேட்பதும் உண்டு. சிலர் சோறு போட்டுப் படுக்கை கொடுத்தார்கள். சிலர், குடும்பத்தை விட்டு ஓடி வந்த பெண்ணோ என்று சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

பாதையோ பத்திரிகையில் படித்த மாதிரி இல்லை. விழுந்த மரங்கள் குறுக்கே கிடந்தன. குடில்கள் சில இடிந்து போயிருந்தன, சில எரிந்து போயிருந்தன. வெள்ளைப் பட்டைகள் பல இடங்களில் அழிந்திருந்தன. இப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் கிளம்பியே இருக்க மாட்டேன், கிளம்பிய பிறகு நிறுத்த மனசில்லை என்று பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய இந்தப் புலம்பல் பத்திரிகைகளில் வந்ததால்தான் பாதைப் பராமரிப்பில் அக்கறை கூடியது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஒரு நல்ல யூசர் ஃபீட்பேக்குக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

விர்ஜீனியா பக்கம் போகும்போது உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று மோப்பம் பிடித்துவிட்டது. அதன்பிறகு ஊருக்கு ஊர் நிருபர்கள். ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழிலும் செய்தி வந்தது. பிள்ளைகளுக்கு அம்மா எங்கே இருக்கிறார் என்ற முழு விவரம் அப்போதுதான் கிடைத்தது. நிருபர்கள் ஷூவைப் பற்றிக் கேட்டார்கள், பையைப் பற்றிக் கேட்டார்கள், ஏன் நடக்கிறீர்கள் என்றும் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் சொன்னார். அந்தப் பதில்கள் எதிலும் அந்த வீடு வரவில்லை.

ஆகஸ்டில் வெயில் போய் வெள்ளம் வந்தது. கானி, டயான் என்று ஒரே வாரத்தில் இரண்டு புயல்கள். வடகிழக்கு மாநிலங்களில் ஆறுகள் கரையை உடைத்தன. டயான் புயலில் மட்டும் கிட்டத்தட்ட 200 பேர் இறந்தார்கள். பாட்டி அப்போது நியூ இங்கிலாந்துப் பகுதியில், அந்த மழைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். வெர்மான்ட் மாநிலத்தில் கிளாரண்டன் பள்ளத்தாக்குக்கு வந்தபோது பாலம் அடித்துக்கொண்டு போயிருந்தது. கீழே வெள்ளம் இரைகிறது. நீச்சல் அடித்துக் கடக்கும் தண்ணீர் இல்லை அது. இங்கே அவர் சாகசம் எதுவும் பண்ணவில்லை, யாராவது வருவார்கள் என்று உட்கார்ந்து காத்திருந்தார். லீவில் மலை ஏற வந்த இரண்டு கடற்படை இளைஞர்கள் வந்தார்கள். கயிற்றால் அவரைத் தங்கள் இருவருக்கும் நடுவில் கட்டிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் அடி அடியாக அக்கரை சேர்த்தார்கள். எனக்கு இந்த முழுக் கதையிலும் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். முப்பது வருஷம் ஒரு ஆளின் கைகளில் அடிபட்டவர், முன்பின் நெருங்கிப் பழகாத இரண்டு பையன்களின் கயிற்றில் தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாரே.

நியூ ஹாம்ஷயரின் வெள்ளை மலைகளைத் தாண்டி, போன வருஷம் தன்னைத் திருப்பி அனுப்பிய அதே மெய்ன் காட்டுக்குள் நுழைந்தார். மறுபடியும் விழுந்தார், மறுபடியும் மூக்குக்கண்ணாடி உடைந்தது. இந்த முறை திருப்பி அனுப்ப யாரும் வரவில்லை. 1955 செப்டம்பர் 25, கட்டாடின் உச்சி. 146 நாட்கள். சராசரி போட்டுப் பாருங்க, நாளுக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் வரும். பதினான்கு கிலோவுக்குக் கிட்ட எடை குறைந்திருந்தது. ஏழாவது ஜோடி ஷூ காலில். மேலே வைத்திருந்த பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அமெரிக்கா தி பியூட்டிஃபுல் பாட்டின் முதல் பத்தியைப் பாடினாராம். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

அதோடு நிறுத்தியிருப்பார் என்று நினைத்தால் தப்பு. 1957-ல் மறுபடியும் அதே பாதை, முழுசாக. 1964-க்குள் பகுதி பகுதியாக மூன்றாவது முறை. நடுவில் 1959 கோடையில் இன்னொரு நடை: மிசூரி மாநிலத்தின் இண்டிபென்டன்ஸ் ஊரிலிருந்து பழைய ஒரிகன் பாதை வழியாகப் போர்ட்லண்ட் வரை, 3,200 கிலோமீட்டர். அங்கே இலைக்காட்டு நிழல் கூடக் கிடையாது. பரந்த புல்வெளியும் வறண்ட மேட்டு நிலமும்தான். மேலே வெயில், கீழே சூடேறிய ரோடு. வயது 71. வெயிலுக்கு அவர் கூடுதலாக எடுத்துக்கொண்ட உபகரணம் ஒரு குடை.

ஊருக்குத் திரும்பிய பிறகும் சும்மா இருக்கவில்லை. ஒஹையோவையே சுற்றி வரும் பக்கை பாதையை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். ஹாக்கிங் மலைப்பகுதியில் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் குளிர்கால நடைக்குத் தலையில் சிவப்புத் தொப்பியோடு வழிகாட்டியாகப் போவார். 1973 ஜூன் 4-ம் தேதி, 85 வயதில் இறந்தார்.

அவருடைய திருமண வாழ்க்கையின் முழு விவரமும் பெரிய அளவில் வெளியே வந்தது 2014-ல்தான். நாட்குறிப்பு, கடிதங்கள், பிள்ளைகளின் நினைவுகள் எல்லாவற்றையும் திரட்டிப் பத்திரிகையாளர் பென் மான்ட்கோமரி எழுதிய வரலாற்று நூலில். அதுவரை ஏறக்குறைய அறுபது வருஷம், உலகத்துக்கு அவர் விதவைப் பாட்டிதான். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். என் யூகம் இது: தான் நடந்த பாதையில் அந்த ஆளின் பெயருக்கு ஒரு வரி கூட இடம் கொடுக்க அவருக்கு இஷ்டமில்லை.

ஹாக்கிங் மலையில் ஓல்ட் மேன்ஸ் கேவ் என்ற இடத்திலிருந்து ஆஷ் கேவ் வரை சுமார் பத்து கிலோமீட்டர் பாதைக்கு இப்போது அவர் பெயர். ஜனவரி நடை இன்றும் நடக்கிறது, ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். கேலியா கவுன்ட்டியில் இருக்கும் கல்லறைக் கல்லில் அவருடைய பெயரும், அதோடு கிராண்ட்மா என்ற ஒரு சொல்லும் பொறித்திருக்கிறார்கள்.